எந்த முனுசாமி?

போன மாசம் கல்லூரி நண்பன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். 1871 மதராஸ் மாகாணக் கணக்கெடுப்பு அறிக்கையின் ஒரு பக்கம். அவன் சாதிப் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தான். கீழே: "மச்சான், எங்க வம்சம்டா. ஆதாரத்தோட இருக்கு."

அந்த எண்ணுக்குள் அவனுடைய முப்பாட்டன் இருக்கலாம். ஆனால் பெயரில்லாமல், பல ஆயிரத்தில் ஒரு ஆளாக. அதை ஆதாரம் என்று சொன்னால் தலை எண்ணிய ஒவ்வொரு மாட்டுச் சந்தையும் வம்ச வரலாறுதான்.

வேர் தேடும் ஆசையை நான் கேலி செய்யவில்லை. நானும் தேடியவன்தான். என் கோபம், கிடைக்காததைக் கிடைத்ததாகச் சொல்லிச் சாதிப் பெருமையை விற்பவர்கள் மேல்.

முதலில் ஒரு விஷயம். பிரிட்டனில் நூறு வருஷம் கழித்துக் கணக்கெடுப்புத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். 1921 தாள்கள் 2022இல் வெளிவந்தன. அமெரிக்காவில் 72 வருஷம். 1950 தாள்களும் அதே 2022இல் வந்தன. அங்கே ஒருவர் தன் பாட்டியின் பெயரை, தெருவை, தொழிலைப் பார்க்கலாம். இங்கே வீடு வீடாக எழுதிய தாள்கள் கூட்டல் முடிந்ததும் அழிக்கப்பட்டன. மிஞ்சியது அட்டவணை. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1948 சட்டம் தனிநபர் பதிவுகளை யாரும் பார்வையிடவே முடியாது என்கிறது. ஆக, இந்தியக் கணக்கெடுப்பில் உங்கள் தாத்தாவைத் தேடுவது காலி டேபிளில் குவெரி ஓட்டுவது மாதிரி.

"சரி, பெயரை வைச்சுத் தேடலாமே" என்பார்கள். எங்கள் ஊர் வல்லக்கோட்டை. ஏழடி முருகன் நிற்கிற ஊர். இங்கே கோயில் வாசலில் நின்று "சுப்பிரமணி" என்று கூப்பிட்டுப் பாருங்கள், எத்தனை பேர் திரும்புகிறார்கள் என்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தாத்தா பெயரைச் சுமப்பதால்தான் பேரன், பெயரன். ஒரே இரண்டு பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். டேட்டாபேஸ் வேலை செய்பவனாகச் சொல்கிறேன்: பெயரை மட்டும் வைத்து இரண்டு டேபிளை ஜாயின் செய்தால் வருவது வம்சாவளி இல்லை, குப்பை. கல்வெட்டில் உங்கள் தாத்தா பெயர் இருப்பதால் அவர் உங்கள் தாத்தா ஆகிவிட மாட்டார்.

எனக்கு இது தியரி இல்லை. எங்கள் பகுதியில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது கொள்ளுத்தாத்தா பெயரில் நாற்பது சென்ட் இருந்தது. பட்டாவில் முனுசாமி, த/பெ கன்னியப்பன். பக்கத்துத் தெருவிலும் ஒரு முனுசாமி, த/பெ கன்னியப்பன். இரண்டு குடும்பத்துக்கும் எந்த உறவும் இல்லை. அலுவலகத்தில் கேட்டது ஒரே கேள்வி: "எந்த முனுசாமி?" அப்பா ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தார். கடைசியில் தீர்த்து வைத்தது காகிதம் இல்லை. அந்த இன்னொரு முனுசாமியின் மருமகள், எண்பது வயசுக் கிழவி. "அது அவங்க முனுசாமி நெலம். கால சாய்ச்சு சாய்ச்சு நடப்பாரு. அங்க ஏத்தம் எறைச்சத நான் பாத்திருக்கேன்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தார். பொய் சொல்லியிருந்தால் பணம் அவர் வீட்டுக்குப் போயிருக்கும். அந்தப் பணத்தில்தான் நான் இன்ஜினியரிங் படித்தேன்.

அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களுக்குப் பட்டா இல்லை. அவர்களிடம் யாரும் "எந்த முனுசாமி" என்றுகூடக் கேட்கவில்லை.

பழைய ஆவணம் என்பதே இப்படித்தான். 1767 முதல் 1774 வரை பர்னார்ட் செங்கல்பட்டு ஜாகீரின் சுமார் இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார். பிறகு மிராசு உரிமை பற்றிக் கும்பினி அதிகாரிகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். காணியாட்சி உள்ளவனுக்கு வரலாறு கிடைத்தது; அவன் நிலத்தில் உழுதவன் தொகையானான். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலமில்லா நிலையை அறிக்கையாக எழுதிய பிறகே, 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது.

இதில் ஒரு கொடுமையான வேடிக்கை உண்டு. 1860இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போனது. 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, ஜில்லா எல்லாம் உண்டு. பேரப்பிள்ளைகள் அதை வைத்துத்தான் இன்று ஊர் தேடி வருகிறார்கள். சரக்காக ஏற்றப்பட்டதால் அவர்களுக்கு ரசீது இருக்கிறது. இங்கேயே கிடந்து உழைத்தவர்களுக்கு அதுவும் இல்லை.

பெண்கள்? முதல் பொதுத்தேர்தலில் 'இன்னார் மனைவி, இன்னார் மகள்' என்று மட்டும் சொன்னதால் நாடு முழுக்கச் சுமார் 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலில் இல்லாமல் போனார்கள். நம் வம்சாவளி மரங்களிலும் பாதிக் கிளை இப்படித்தான் முறிந்து கிடக்கிறது.

2027இல் எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். முறையான கணக்கெடுப்பில் 1931க்குப் பிறகு முதல் தடவை. எண்ணட்டும். யாருக்கு நிலம் இல்லை, யாருக்கு வேலை இல்லை என்று தெரிய அது வேண்டும். ஆனால் அந்த எண்ணிலும் ஒருத்தன் சிவப்பு வட்டம் போட்டு "எங்க வம்சம்" என்று அனுப்புவான், பாருங்கள். 1929இல் இதே செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது. பெயரிலிருந்து விட்டோம். இப்போது அட்டவணையில் போய்ப் பொறுக்குகிறோம்.

நண்பனுக்கு ஒரே வரியில் பதில் போட்டேன்: "உன் அம்மாவோட பாட்டி பேரு என்னடா?"

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. ராத்திரி போன் செய்து, "அம்மாவுக்கே தெரியலடா, பெரியம்மாவைக் கேக்கணும்" என்றான்.

சீக்கிரம் கேள் என்றேன். கைநாட்டு வைத்த அந்தக் கிழவி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. அவர் பெயரை நான் அன்று கேட்டு வைக்கவில்லை.