சரிந்தது பாறை மட்டுமா?

மரக்காணத்து உப்பளத்தில் உப்பை வாரி அம்பாரம் போடுகிற தோழனைக் கேளுங்கள். ஓர் அளவுக்கு மேல் குவியலைச் செங்குத்தாக நிறுத்த முடியாது, நிறுத்தினால் சரியும் என்பான். காய்ந்த வரப்பு தாங்குகிற பாரத்தை நனைந்த வரப்பு தாங்காது என்பான். எந்தக் கல்லூரியும் அவனுக்கு இதைச் சொல்லித் தரவில்லை. அவன் கையும் காலும் சொல்லித் தந்தன.

அந்த உப்பளத்துக்கு மேற்கே, திண்டிவனம் போகும் சாலையில் நிற்கிறது பெருமுக்கல் குன்று. உச்சியிலே சோழர் காலத்துக் கோயில். 1760-ல் ஆங்கிலப் படை முற்றுகையிட்டுப் பிடித்த கோட்டையும் இங்கேதான் இருந்தது. இன்று இந்த வட்டாரத்தில் கேட்பது பீரங்கிச் சத்தமல்ல. கல்குவாரி வெடியும் கிரஷர் இரைச்சலும். குழிக்குள் இறங்கி வேலை செய்யும் தோழனின் தலைக்கு மேலே பாறைச் சுவர் நிற்கிறது. அது நிற்கும் என்று கணக்குப் பார்த்தவர் யார்? எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

காரணமின்றிக் கேட்கவில்லை. 2022 மே 14-ந் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினர், நால்வர் மாண்டனர். 2025 மே 20-ந் தேதி, சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் மீண்டும் சரிவு. ஆறு உயிர்கள் போயின. இரண்டு முறையும் ‘விபத்து’ என்ற ஒரே சொல்தான் வந்தது. இடி விழுந்தால் விபத்து என்று சொல்லலாம். முன்கூட்டியே கணக்கிடக் கூடிய ஒன்றைக் கணக்கிடாமல் விட்டால், அதற்கும் அதே பெயர்தானா?

கணக்கு இருக்கிறது, தோழர்களே! சரிவைக் கீழே இழுக்கும் பலம் ஒன்று. அதைத் தாங்கிப் பிடிக்கும் பலம் ஒன்று. தாங்கும் பலத்தை இழுக்கும் பலத்தால் வகுத்தால் வருவது பாதுகாப்பு எண். அது ஒன்றுக்குக் கீழே இறங்கினால் சரிவுதான். ஒன்றரை இருந்தால் நிம்மதி என்பது எஞ்சினீயர்களின் பழைய வழக்கம்.

ஆனால், அந்த ஒன்றரை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். நல்ல கல்லாக இரண்டைப் பொறுக்கி, சோதனைச் சாலையில் நசுக்கிப் பார்த்து வந்த எண்ணா? பாறைச் சுவரின் உறுதியைக் கல் தீர்மானிப்பதில்லை. கல்லுக்கு நடுவே ஓடும் வெடிப்பு தீர்மானிக்கிறது. வெடிப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உள்ளே களிமண் இருக்கிறதா, நீர் ஊறுகிறதா என்று இடத்துக்கு இடம் பார்க்க வேண்டும். பார்க்காமல் எழுதிய 1.5-ஐவிட, நன்றாகச் சோதித்து எழுதிய 1.3 அதிக நம்பிக்கைக்கு உரியதாக இருக்கலாம். அதனால்தான் இன்றைய மண்ணியல் எஞ்சினீயர்கள் ஒரே எண்ணோடு நிற்பதில்லை. சரிவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பதையும் சேர்த்தே கணிக்கிறார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. சராசரிக் கூலி உயர்ந்துவிட்டது என்று முதலாளி கணக்குக் காட்டினால், கடைசி வரிசையில் நிற்பவன் வயிறு நிறைந்துவிடுமா? பாறையும் அப்படித்தான். சராசரி பலமாக இருக்கலாம். சரிவதோ பலவீனமான இடத்தில்!

அதற்கு மேல் மழை. வெடிப்பில் புகுந்த நீர் பாறையை உள்ளிருந்து தள்ளுகிறது, உராய்வைக் குறைக்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதே மழையில், டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை மலைச்சரிவு இறங்கி வீட்டில் இருந்த ஏழு பேரைப் புதைத்தது. வெயில் காலத்தில் போட்ட கணக்கை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் ஆளைக் குழிக்குள் இறக்கலாமா?

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். உலோகச் சுரங்கங்களுக்கு 1961-ல் வகுத்த ஒழுங்குமுறையே, திறந்த குழியின் பக்கங்களைப் படிப்படியாக வெட்ட வேண்டும், கெட்டிப் பாறையிலும் ஒரு படி 6 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்றது. விளிம்பிலிருந்து 3 மீட்டருக்குள் உதிரிக் கல் கிடக்கக் கூடாது என்றது. அடிப்பக்கத்தைக் குடைந்து மேலே தொங்கவிடக் கூடாது என்றது. சட்டப் புத்தகத்தின் பெயர் மாறலாம். பாறையின் குணம் மாறாது.

படி வெட்டினால் செலவு, வேலை குறையும், கூலி போகும் என்று பயமுறுத்துவார்கள். வேல்ஸ் நாட்டு அபெர்ஃபான் கதையை அவர்களுக்குச் சொல்லுவோம். நீரூற்றின் மேல் நிலக்கரிக் கழிவைக் குவித்தார்கள். ஊரார் முன்பே எச்சரித்தார்கள். 1966 அக்டோபர் 21-ந் தேதி அந்தக் குவியல் பள்ளிக்கூடத்தின் மேல் இறங்கியது. 116 குழந்தைகள் உட்பட 144 பேர் மாண்டனர். விசாரணை மன்றம் பழியை அரசாங்கத்தின் நிலக்கரி வாரியத்தின் மேலேயே சுமத்தியது. குவித்தவன் அரசாங்கமானாலும் தனியாரானாலும் மண்ணுக்குப் பேதமில்லை.

ஆகவே நாம் கேட்பது இவை: குத்தகை தரும் முன் சரிவுக் கணக்கு வேண்டும். அது எத்தனை சோதனைகளின் பேரில் எழுதப்பட்டது என்பதோடு, தமிழில் குழி வாசலில் ஒட்டப்பட வேண்டும். பெருமழைக்குப் பின்னும் புது வெடிப்பு கண்ட பின்னும், தகுதியுள்ளவர் பார்த்துக் கையெழுத்திடும் வரை வேலை நிற்க வேண்டும். நின்ற நாளுக்குக் கூலி தர வேண்டும். கூலி இல்லையென்றால், பசி அவனை மறுபடி குழிக்குள் தள்ளிவிடும்.

வெடிப்பை முதலில் பார்ப்பவன் அடியில் நிற்கும் தொழிலாளி. ‘ஐயா, பாறை பிளந்திருக்கிறது’ என்று அவன் சொன்னால், அந்தச் சொல்லும் கணக்கில் ஏற வேண்டும். சொன்னதற்காக அவனை வேலையிலிருந்து நீக்குகிற இடத்தில் எந்தப் பாதுகாப்பு எண்ணையும் நாம் நம்ப மாட்டோம்!