கடிக்கும் நாய் காவல் நாயாகாது

எமது கிராமங்களில் நாய் இல்லாத வளவைக் காண்பது அரிது. களவுக்குக் காவல், பாம்புக்குக் காவல், பயிருக்குக் காவல் என்று நாயின் பயன் பலவாகும். ஆயினும் “எங்கள் நாய் ஆரையும் கிட்ட விடாது, கடிச்சுப் போடும்” என்று பெருமையாகச் சொல்லும் வழக்கம் எம்மிடையே ஊறிப்போயுள்ளது. இப்பெருமையை நாம் கைவிட வேண்டும் என்பதே எமது கருத்து.

கள்ளனைக் கடித்த நாய்கள் எத்தனை? கடிபடுபவர் பெரும்பாலும் பாடசாலை செல்லும் பிள்ளை, தபாற்காரர், சைக்கிளில் மீன் கொண்டு வருபவர், கர்ப்பிணித் தாயைப் பார்க்க வரும் மருத்துவமாது ஆகியோரே. படலையடியில் நாய்க்குப் பயந்து மருத்துவமாது திரும்பிப் போனால் நட்டம் அந்த வீட்டுத் தாய்க்குத்தான். கடிபட்டவருக்கு அரச வைத்தியசாலையில் ஊசி இலவசம். ஆனால் பல தடவை போய்வரும் பஸ் செலவையும் இழந்த நாட்கூலியையும் யார் கொடுப்பது?

விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் தப்புவது மிக மிக அரிது. மனிதருக்கு அந்நோய் தொற்றுவது 100க்கு 99 வீதம் நாய்களாலேயே. விசர் என ஐயுறப்படும் விலங்குகளால் கடிபடுவோரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எமது நாட்டில் இந்நோய் பற்றிய கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1970களில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். தடுப்பூசியின் பயனாக அத்தொகை இன்று பெரிதும் குறைந்துள்ளது. ஆனாலும் முற்றாக ஒழியவில்லை.

காவலுக்கு வேண்டியது குலைக்கும் நாயே. குலைத்தால் வீட்டுக்காரர் எழும்புவார், கள்ளன் ஓடுவான். கடியாத நாயை வளர்ப்பது குட்டியிலேயே தொடங்க வேண்டிய வேலை. எட்டு வாரம் ஆகுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதே கடித்தால் மற்றதற்கு நோகும் என்பதை அது கற்றுக்கொள்கின்றது. வீட்டுக்கு வந்தபின் குட்டி கையைக் கடித்தால் சிரித்து விளையாட்டுக் காட்டக்கூடாது. உடனே விளையாட்டை நிறுத்தி, கையை எடுத்துக்கொண்டு சற்று விலகிப் போக வேண்டும். கடிப்பதற்கு முடிச்சுப் போட்ட பழைய துணியொன்றைக் கொடுக்கலாம். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரேவிதமாக நடந்தால் சில வாரங்களில் குட்டி விளங்கிக்கொள்ளும்.

மூன்று முதல் பதினான்கு வாரம் வரையான காலம் முக்கியமானது. அக்காலத்தில் குட்டி கண்டு பழகியவற்றிற்குப் பின்னர் அது பயப்படாது. குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர், சைக்கிளில் வருபவர், சிறுபிள்ளைகள் ஆகிய எல்லோரையும் அது அமைதியாகப் பார்க்கட்டும். வருபவர் கையால் ஒரு துண்டு பாண் கொடுத்தால் அந்நியர் என்றால் நல்லது என்று அது எண்ணும்.

நாள் முழுவதும் கட்டையான சங்கிலியில் வெயிலில் கிடக்கும் நாயும், கல்லெறி பட்ட நாயும் கடிகாரனாகின்றன. பயந்த நாயே பெரும்பாலும் கடிக்கின்றது. உறுமுவதற்காக நாயை அடிப்பது பெரும் பிழை. உறுமல் அதன் எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். வேலியைச் சீராக அடைத்து, நிழலில் நீண்ட கயிற்றில் கட்டி, இரவில் வளவுக்குள் அவிழ்த்து விடுவதே முறை. ஏற்கெனவே கடித்துப் பழகிய நாயைப் படலைக்கு வெளியே விடாது மிருக வைத்தியரிடம் ஆலோசனை பெறுக.

பிள்ளைகளுக்கும் பழக்க வேண்டியன உள்ளன. தின்னும் நாயையும் உறங்கும் நாயையும் குட்டி போட்ட நாயையும் சீண்டலாகாது. நாய் துரத்தினால் ஓடாமல், அதன் கண்ணைப் பாராமல், அசையாது நிற்க வேண்டும். “குலைக்கிற நாய் கடிக்காது” என்ற பழமொழியை நம்பி எவரும் கிட்டப் போக வேண்டாம்.

எவ்வளவு நன்றாக வளர்த்தாலும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது கட்டாயம். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடும் கொடுமையை நிறுத்தி, கருத்தடை செய்விக்க வேண்டும். கடிபட்டால் மஞ்சளோ சுண்ணாம்போ பூசாது, சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கடித்த நாயை அடித்துக் கொல்லாது 14 நாட்கள் கட்டிவைத்து அவதானிப்பது அவசியம். அதற்காக ஊசியைத் தள்ளிப் போடலாகாது.

நாயை வளர்ப்பவர் அதன் பல்லுக்கும் பொறுப்பாளியாவார். எமது நாய் அயலவர் பிள்ளையைக் கடித்தால் “நாய்தானே” என்று சொல்லித் தப்ப முடியாது. மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு விடயமாக எடுத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து, ஊர் நாய்கள் அனைத்துக்கும் ஒரே நாளில் ஊசி போட ஒழுங்கு செய்யலாம். அயலவர் அச்சமின்றி வந்துபோகும் படலையே ஒரு வீட்டுக்குப் பெருமை.