மூழ்கும் கப்பல்களும் முளைக்கும் பார்களும்: ஒரு மறுப்புரை

பயன்முடிந்த கப்பல்களையும் பஸ் வண்டிகளையும் புகையிரதப் பெட்டிகளையும் கடலில் ஆழ்த்தினால் அவை காலப்போக்கிற் செயற்கைப் பார்களாக மாறி மீன்வளத்தைப் பெருக்கும் என்ற கருத்து, இன்று ஏறக்குறைய ஓர் அறிவியல் உண்மையின் தகுதியைப் பெற்றுவிட்டது. பத்திரிகைகள் அதனைப் பாராட்டுகின்றன. அமைச்சர்கள் அதனைத் தொடக்கிவைக்கின்றனர். சுற்றாடலில் அக்கறையுடையோரும், வீணே எறியப்படும் பொருளொன்று பயன்படுகின்றதே என்று மகிழ்கின்றனர். எல்லோரும் ஒருமித்து மகிழும் விடயமொன்றில் எவர் எதனைப் பெறுகின்றார், எவர் எதனைச் சுமக்கின்றார் என்று வினவுவது பல்கலைக்கழகத்தின் கடமை. அவ்வாறு வினவுமிடத்து, இன்று நடைபெறும் வகையில் இம்முயற்சி பெரும்பாலும் மீனுக்காகச் செய்யப்படுவதன்று, பழைய இரும்பின் உடைமையாளருக்காகவே செய்யப்படுவது என்பது என் துணிபு.

'பார்' என்ற சொல்லை இங்கு வேண்டுமென்றே ஆளுகின்றேன். மன்னார்க் கடலில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் தளங்களைப் பார் என்றே முத்துக் குளித்தோர் வழங்கினர். கற்பாறையும் முருகைக்கல்லும் மணலும் நீரோட்டமும் நெடுங்காலம் கூடித் தொழிற்பட்டதன் விளைவே ஒரு பார். எங்கே பார் உண்டு, எங்கே வலை சிக்கும், எந்தக் காற்றுக்கு எவ்விடத்தில் எந்த மீன் கூடும் என்பன தந்தையிடமிருந்து மகன் கற்கும் அறிவு. அத்தகைய பெயரை ஒரு பழைய கப்பலுக்குச் சூட்டுவோர் அதற்குத் தக்க காரணம் காட்டக் கடமைப்பட்டவராவர்.

முதலில் மீனைப் பற்றிப் பேசுவோம். கப்பலை மூழ்கடித்தால் மீன் வருமா? வரும். இதில் எவருக்கும் ஐயமில்லை. பட்ட மரத்தைப் போட்டாலும் வரும்; தென்னோலையையும் குழையையும் கட்டி இறக்கினாலும் வரும். நிழலும் ஒதுக்கிடமும் தேடுவது பல மீன்களின் இயல்பு. ஆனால் மீன் கூடுதல் வேறு, மீன் பெருகுதல் வேறு. பரந்த கடலிற் சிதறியிருந்த நூறு மீன்கள் ஓரிடத்திற்கு வந்து சேர்ந்தால், அவ்விடத்தை மட்டும் பார்ப்பவனுக்கு நூறு மீன்கள் புதிதாகத் தோன்றியனபோலத் தெரியும். கடல் முழுவதையும் எண்ணிப் பார்ப்பின் ஒரு மீன்தானும் அதிகரித்திராது. அமெரிக்க மீனியலாளரான ஜேம்ஸ் போன்சாக் 1989 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இவ்வினாவையே எழுப்பினார்: செயற்கைப் பார்களிற் காணப்படும் மீன்திரள் வாழிடப் பற்றாக்குறை நீங்கியதன் விளைவா, அன்றி மீனின் விருப்பினால் நேர்வதா? எல்லாக் கடலுக்கும் எல்லா மீனுக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை. பாறையிடுக்குகளை நம்பி வாழும் சில இனங்கள் உண்மையிலேயே பெருகலாம். நெடுந்தொலைவு அலையும் இனங்களுக்கு அது வெறும் தரிப்பிடமே. இவ்வேறுபாட்டை மறைத்துவிட்டு, கடலடியில் எடுக்கப்பட்ட வண்ணப்படமொன்றைக் காட்டி 'மீன்வளம் பெருகிவிட்டது' என்பது வாதமன்று, விளம்பரம்.

கூடிய மீன் பிடிப்பதற்கு எளிதான மீன் என்பதையும் மறத்தலாகாது. சிதறிக்கிடக்கும் மீனைத் தேடுவதற்கு எரிபொருளும் நேரமும் வேண்டும். ஒரு புள்ளியிற் கூடிய மீனுக்கு அவை வேண்டா. ஆகவே பிடிப்பை வரையறுக்கும் விதியும் அவ்விதியைச் செயற்படுத்தும் வலிமையும் இல்லாத கடலிற் செயற்கைப் பார் என்பது, உள்ள மீனை விரைந்து தீர்ப்பதற்கான கருவியாகவும் அமைந்துவிடும். உயிரியலாளர் மட்டும் தீர்க்கக்கூடிய பிரச்சினையாக இது இல்லாதிருப்பதும், கலைப்பீட மாணவன் ஒருவன் இதிற் தலையிடுவதும் இக்காரணத்தினாலேயே.

எதிர்வாதம் புரிவோர் மட்டக்களப்புக் கடலைச் சுட்டுவர். 1942 ஏப்பிரல் 9 ஆந் திகதி யப்பானிய விமானங்களின் தாக்குதலில் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ், அங்கு ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கின்றது. அதன்மீது உயிரினங்கள் படர்ந்துள்ளன, மீன்கள் திரள்கின்றன. உண்மையே. எனினும் போருக்கென உருக்கினால் அமைக்கப்பட்ட பத்தாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கப்பலொன்று, எண்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆழ்நீரிற் கிடந்து எய்திய நிலையை மெல்லிய தகட்டினாலான பஸ் வண்டியொன்றுக்கு எவ்வாறு உவமை காட்டுவது? மேலும், அக்கப்பலை எவரும் மீனுக்காக மூழ்கடிக்கவில்லை. முந்நூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் அதனுடன் மாண்டனர். அழிவொன்றிலிருந்தும் இயற்கை எதனையோ மீட்டெடுக்கின்றது என்பது அழிவைத் திட்டமாக்குவதற்கு நியாயமாகாது. எரிந்த காட்டிலும் புல் முளைக்கும்.

எல்லாக் கப்பற்சிதைவுகளும் ஹேர்மிசைப் போல அமைதியாகக் கிடப்பதுமில்லை. பசுபிக் சமுத்திரத்திலுள்ள பல்மைரா என்னும் முருகைத் தீவில் 1991 இல் ஒரு மீன்பிடிக் கப்பல் தரைதட்டியது. அதனைச் சூழவுள்ள முருகைக்கற்களின்மீது முருகையை ஒத்த வேறோர் உயிரினம் படர்ந்து, பெரும் பரப்பிலே முருகையை மூடிக்கொண்டது. இரும்புச்சத்துக் குறைந்த அந்நீரிற் சிதைவிலிருந்து கரைந்த இரும்பே அதற்கு உரமாயிற்று என ஆய்வாளர் கருதினர். ஈற்றில் 2013 இல் அச்சிதைவைப் பெருஞ்செலவில் அகற்றவேண்டியதாயிற்று.

தகட்டின் கதையை ஐக்கிய அமெரிக்கா நமக்கு முன்னரே கற்றுக்கொண்டது. நியூயோர்க் நகரத்துச் சுரங்கப் புகையிரதப் பெட்டிகள் 2001 முதல் அத்திலாந்திக் கரையோரத்தில் நூற்றுக்கணக்கில் மூழ்கடிக்கப்பட்டன. முதலில் இடப்பட்ட பழைய பெட்டிகள் ஓரளவு நிலைத்தன. அவற்றின் பின்னர் நியூஜேர்சிக் கடலில் இடப்பட்ட துருப்பிடியா உருக்குப் பெட்டிகளோ, பல்லாண்டு நிலைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டிருந்தும், சில மாதங்களிலேயே பெரும்பாலும் இடிந்து வீழ்ந்தன. இதனினும் கொடியது புளோரிடாவின் ஒஸ்போண் பார். 1972 இல் ஏறத்தாழ இருபது இலட்சம் பழைய ரயர்களைக் கட்டுக்கட்டாகக் கட்டி, மீனுக்கு வீடு அமைப்பதாகக் கூறிக் கடலிற் கொட்டினர். கட்டுகள் அறுந்தன. புயலடித்தபோதெல்லாம் ரயர்கள் உருண்டு அருகிலிருந்த இயற்கையான முருகைக்கற்களை நொறுக்கின. 2007 இல் அவற்றை அள்ளுவதற்கு இராணுவச் சுழியோடிகளை இறக்கவேண்டியிருந்தது. கொட்டிய அன்று அதனையும் எல்லோரும் பாராட்டியே இருந்தனர்.

நஞ்சு பற்றிய பிரச்சினை பெருங்கப்பல்களுக்கே உரியது. பழைய கப்பல் வெறும் இரும்பன்று. அதன் வயரின் உறையிலும் வர்ணத்திலும் இறப்பர் அடைப்புகளிலும் பீ.சீ.பீ. எனப்படும் குளோரீன் சேர்வைகள் உள்ளன. சுவர்களில் அஸ்பெஸ்ரஸ் உண்டு. தாங்கிகளில் எண்ணெய் தேங்கியிருக்கும். கொரியாவிலும் வியற்நாமிலும் போரிட்ட ஒறிஸ்கனி என்ற விமானந்தாங்கிக் கப்பல் 2006 மே 17 ஆந் திகதி பென்சகோலாவுக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டபோது, துப்புரவு செய்யப்பட்ட பின்னரும் முந்நூறு கிலோவுக்குக் குறையாத பீ.சீ.பீ. அதற்குள் விடப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அங்கு பிடிக்கப்பட்ட மீன்களில் அச்சேர்வை, மாநிலச் சுகாதாரத் துறையின் எச்சரிக்கை அளவைத் தாண்டிக் காணப்பட்டது. அந்நாட்டின் கடல்சார் நிருவாகம் 2012 இல், 1985 க்கு முன்னர்க் கட்டப்பட்ட கப்பல்களை இந்நோக்கிற்கு வழங்குவதில்லை எனத் தன் கொள்கையை மாற்றியமைத்தது. முறையாகத் துப்புரவு செய்யின் தீங்கு குறையும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2009 இல் கீ வெஸ்ற் என்னுமிடத்தில் வன்டென்பேர்க் என்ற ஒரேயொரு கப்பலைத் துப்புரவாக்கி மூழ்கடிப்பதற்கு எண்பத்தாறு இலட்சம் டொலர் செலவாயிற்று. அது சுழியோட வரும் உல்லாசப் பிரயாணிகளிடமிருந்து மீளப்பெறக்கூடிய முதலீடு. அவ்வாறு செலவிட இயலாத நாடு ஒன்று இதே காரியத்தை மலிவாகச் செய்கின்றதெனின், செலவின் மீதியை நஞ்சாகச் சுமப்பவர் மீனை உண்பவர்.

இங்கேதான் சட்டத்தின் சொல்லாட்சியை உற்றுநோக்குதல் வேண்டும். கடலிற் கழிவு கொட்டுதலைத் தடுக்கும் 1972 ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கை, வெறுமனே கழித்துவிடுவதன்றி வேறொரு நோக்கத்துக்காகப் பொருளொன்றைக் கடலில் வைப்பது, உடன்படிக்கையின் குறிக்கோள்களுக்கு முரண்படாதவிடத்து, 'கொட்டுதல்' ஆகாது என்கின்றது. அதாவது ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே நஞ்சு. நோக்கம் என்ற ஒரு சொல் மாறினாற் குற்றம் கொடையாகிவிடும்! பிரேசிற் கடற்படையின் சாவோ போலோ என்ற விமானந்தாங்கிக் கப்பலை நினைவுகூர்க. உடைப்பதற்காக விற்கப்பட்டு இழுத்துச் செல்லப்பட்ட அக்கப்பலைத் துருக்கி 2022 இல் ஏற்க மறுத்தது. திரும்பி வந்தபோது சொந்த நாட்டுத் துறைமுகங்களும் ஏற்கவில்லை. 2023 பெப்ரவரியில் அஸ்பெஸ்ரஸ் முதலியவற்றோடு அதனை ஏறத்தாழ ஐயாயிரம் மீற்றர் ஆழத்தில் மூழ்கடித்தனர். உலகு அதனைக் கண்டித்தது. அவ்விடம் முப்பது மீற்றர் ஆழமாயிருந்திருப்பின், அதற்கும் ஒரு பார் என்று பெயர் சூட்டி மாலை அணிவித்திருப்பர்.

நோக்கத்தை அளப்பதற்கு ஓர் எளிய வழியுண்டு. கழிக்கவேண்டிய பழம்பொருள் எதுவும் கைவசம் இல்லாதிருந்தால், அதே இடத்தில் அதே பாரை அமைக்க எவரேனும் முன்வந்திருப்பாரா? ஆம் எனின் நோக்கம் மீன். இல்லை எனின் நோக்கம் இரும்பு.

இந்த அளவுகோலோடு நம் கரைக்கு வருவோம். 2021 ஆம் ஆண்டு நம் கடலுக்கு ஒரு விசித்திரமான ஆண்டு. மே 20 ஆந் திகதி கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. ஜூன் 2 இல் அது மூழ்கத் தொடங்கியது. ஆயிரத்தறுநூறு தொன்னளவான பிளாஸ்ரிக் குருணைகளைச் சுமந்துவந்த அக்கப்பல் மேற்குக் கரையைப் பாழாக்கியது. கடற்றொழிலாளர் கடலுக்குச் செல்லத் தடைவிதிக்கப்பட்டது. அதே ஜூன் மாதத்தில், அதே நாட்டின் வடகடலில், கழிக்கப்பட்ட பஸ் வண்டிகள் மீன் இனப்பெருக்கத்துக்கென இறக்கப்பட்டன. பாக்கு நீரிணையின் மறுகரையிலுள்ள தமிழ்நாட்டு மீனவர், தம் வலைகள் சிக்குமென்றும் வண்டிகள் நீரோட்டத்தில் நகருமென்றும் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒருபுறம் மூழ்கிய பொருளாற் கடல் அழிகின்றதெனக் கண்ணீர். மறுபுறம் மூழ்கும் பொருளாற் கடல் செழிக்குமெனக் கைதட்டல். இரண்டையும் ஒரே மாதத்துப் பத்திரிகையிற் படித்தும் எவருக்கும் முரண்பாடு தோன்றவில்லை.

நம்மவர் சிலர் வெளிப்படையாகக் கூறாத காரணம் ஒன்றுண்டு. அதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. எல்லை தாண்டிவரும் இழுவைப்படகுகளால் வடபுலத்துச் சிறு கடற்றொழிலாளர் படும் துன்பம் சொல்லி முடியாதது. போர் ஓய்ந்து மீண்டும் கடலுக்கு இறங்கியோர், கடன்பட்டு வாங்கிய வலை ஒரே இரவில் அறுபடக் கண்டனர். கடலடியில் எதையாவது போட்டால் இழுவைமடி அதிற் சிக்கி நிற்காதா என்ற ஆவல் அவர்களிடம் எழுவது இயல்பு. அந்த ஆவலை நான் மதிக்கின்றேன். ஆனால் அதற்கு உரிய பொருள் பஸ் வண்டியன்று. இழுவைமடியைத் தடுப்பதற்கெனவே வார்க்கப்பட்ட பாரமான கொங்கிறீற்றுக் கட்டிகளை ஸ்பானியர் மத்தியதரைக் கடலிற் கடற்புற்படுக்கைகளைக் காப்பதற்காக இட்டுள்ளனர். இடம் தெரிந்து, நிறை கணித்து, வரைபடத்திற் குறித்து இடப்பட்டவை அவை. நகரக்கூடிய தகடோ இழுவைமடியைக் கிழிப்பதற்கு முன்னர் நம்மவரின் வலையைக் கிழிக்கும். கிழிந்த வலை அங்கேயே கிடந்து ஆளின்றி மீனைக் கொல்லும். இழுவைமடித் தொழிலை முற்றாகத் தடைசெய்யும் சட்டமும் 2017 முதல் நம்மிடம் உண்டு. சட்டம் செய்யவேண்டியதைத் துருவேறிய தகட்டிடம் ஒப்படைப்பது அரசின் இயலாமைக்கு நாமே போடும் திரை.

செயற்கைப் பார் என்ற கருத்தையே நான் எதிர்ப்பதாக எவரும் கொள்ளற்க. யப்பானில் அரசு மானியத்துடன் கொங்கிறீற்றுப் பார்கள் நெடுங்காலமாக அமைக்கப்பட்டு வருகின்றன. அங்கு 1949 ஆம் ஆண்டுக் கடற்றொழிற் சட்டம் கரையோர மீன்பிடி உரிமையைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கையில் அளித்தது. ஆகவே பாரிற் கூடிய மீனை எவர், எவ்வளவு, எக்காலத்தில் பிடிப்பது என்று தீர்மானிக்க ஓர் அமைப்பு உண்டு. பாருக்கு உரியவர் இருக்கின்றனர். மன்னார்க் குடாவின் மறுகரையில், தூத்துக்குடிக்கு அப்பால் அரிப்புக்குள்ளாகி ஒடுங்கிவந்த வான்தீவைச் சுற்றி 2015 முதல் கொங்கிறீற்றுக் கட்டிகள் இடப்பட்டன. அலையின் வேகத்தைத் தணித்து முருகை பற்றிவளர இடமளிப்பது அவற்றின் நோக்கம். மேற்கூறிய அளவுகோலில் இவை இரண்டும் தேறும். நம் கடலிலோ பாரும் பொதுச்சொத்து, மீனும் பொதுச்சொத்து, பெரிய இயந்திரம் உடையவனே உரியவன்.

இயற்கை தந்த பார்களை நாம் எவ்வாறு பேணினோம் என்பதும் இத்தறுவாயிற் கேட்கத்தக்கது. தென்மேற்குக் கரையில் முருகைக்கற்களைப் பெயர்த்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கினோம். 1988 இற் சட்டம் தடைசெய்த பின்னரும் அது உடனே ஓயவில்லை. 2004 ஆழிப்பேரலையின்போது, முருகைக்கல் அகழப்பட்டிருந்த பெரலியாவில் அலை உயர்ந்து உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் புகுந்ததையும், அயலிலே முருகைப்பார் காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அதன் வேகம் குறைந்திருந்ததையும் ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர். பெரலியாவிலேதான் அந்தப் புகையிரதம் அள்ளுண்டது. 1998 இல் கடல்நீர் வெப்பமேறி முருகைகள் வெளிறி மடிந்ததும் அண்மைக்கால வரலாறே.

இனிமேல் வடகடலில் எதையேனும் இறக்க எண்ணுவோரிடம் அவ்வவ்வூர்க் கடற்றொழிலாளர் சங்கங்கள் முன்கூட்டியே எழுத்தில் விடை பெறவேண்டும். இறக்குமுன் அவ்விடத்தில் இருந்த மீனை எண்ணியவர் யார், இறக்கியபின் எண்ணப்போகின்றவர் யார், இடங்கள் குறித்த வரைபடம் வள்ளம் ஓட்டுபவன் கைக்கு எப்போது வரும், ஒரு துண்டு நகர்ந்து வலை அறுந்தால் நட்டஈடு கொடுப்பது எந்தத் திணைக்களம்? கழித்த வண்டிக்கும் உருக்கு விலை உண்டு. அவற்றை நிறுத்து விற்று, அந்தப் பணத்திற் சீமெந்தும் கம்பியும் வாங்கி, சங்கங்கள் காட்டும் இடத்திற் கட்டிகள் வார்த்து இறக்குவதற்குத் தடையாயிருப்பது என்ன என்பதையும் அதே கடிதத்திற் கேட்கலாம்.