கையை மூடிக்கொண்டு விழு

நான் முதன்முதலாகப் பனியைப் பார்த்தது ஷா ஆலாமில். சிரிக்காதீர்கள். ஊடகத்துறை படித்துக்கொண்டிருந்த காலத்தில் தோழிகளோடு ஐ-சிட்டி ஸ்நோவாக்குக்குப் போனேன். வாடகை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரியில் பல் நடுங்க நாலு படம் எடுத்துக்கொண்டு, இருபது நிமிடத்தில் வெளியே ஓடிவந்து தே தாரே குடித்தோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்குப் பனி என்றால் அவ்வளவுதான்.

இரண்டு வாரம் முன்பு, நிகழ்ச்சிக்கு நடுவே ஒரு நேயர் அழைத்தார். கிள்ளான்காரப் பெண், வயது 27. "அக்கா, நீங்க நியூசிலாந்துல ஒரு குளிர் சீசன் இருந்தீங்கதானே? நானும் போகலாம்னு இருக்கேன். ஸ்நோபோர்டு கத்துக்கணும். வீட்டுல அம்மா பேசவே மாட்டேங்கறாங்க. போகலாமா, வேணாமா?" ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிய இரண்டு நிமிடம்தான் இருந்தது. அதற்குள் சொல்லக்கூடிய பதில் இல்லை. இங்கே எழுதுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

18 முதல் 30 வயது வரையுள்ள மலேசியர்களுக்கு நியூசிலாந்து ஒரு விசா தருகிறது. ஆண்டுக்கு 1,150 இடங்கள். ஆறு மாதம் தங்கலாம், ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் பார்க்கலாம். 2019-இல் எனக்கு 29. வயது தாண்டிவிடுமே என்ற அவசரம் ஒரு பக்கம். ஏழு வருடமாக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தூக்கக் கலக்கத்தை மறைத்து "வணக்கம் மலேசியா" என்று துள்ளிய குரலில் சொல்லிச் சொல்லி அலுத்தது இன்னொரு பக்கம். சம்பளமில்லா விடுப்பு கிடைக்கவில்லை. வேலையை விட்டேன்.

அம்மா அழுதார். அப்பா அழவில்லை. ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர்; பிரிக்பீல்ட்ஸில் நாளேடு வாங்கி, இடியாப்பம் வாங்கி, அதே பாதையில் வீட்டுக்கு வருகிறவர். "அங்க என்ன வேலை?" என்று மட்டும் கேட்டார். "ஹோட்டல்லப்பா" என்றேன். "ரிசப்ஷனா?" "அந்த மாதிரிதான்."

அது பொய். குயின்ஸ்டவுனில் எனக்குக் கிடைத்தது ஓர் உணவகத்தில் மங்கு கழுவும் வேலை.

நமக்கு ஜூன், ஜூலையில் வெயில் கொளுத்தும்போது அங்கே குளிர்காலம். காலை எட்டு மணி தாண்டித்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். வாக்காட்டிப்பு ஏரிக்கரையில் ஊர், அதற்குப் பின்னால் பல் பல்லாக எழுந்து நிற்கும் ரிமார்க்கபில்ஸ் மலை. படங்களில் பார்ப்பதைவிட அழகான ஊர், சந்தேகமில்லை. ஆனால் சீசன் வாழ்க்கை என்று இணையத்தில் போடுகிறார்களே, அந்தப் படங்களில் வராத கணக்கு ஒன்று இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் மாலை நாலு மணியிலிருந்து நள்ளிரவு வரை மங்கு. மலைக்குப் போக இரண்டு நாள். அந்த இரண்டில் ஒரு நாள் காற்று பலமாக அடித்தால் மலையை மூடிவிடுவார்கள். ஓர் அறையில் நான்கு பெண்கள், இரண்டு அடுக்குக் கட்டில். நெத்திலி சம்பல் வதக்கிய முதல் நாளே புகை அபாய மணி அடித்து, மொத்த வீடும் கம்பளியோடு வாசலில் நின்றது. அதன் பிறகு சம்பல் என்றால் ஜன்னலைத் திறந்துவைத்து, ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான்.

சம்பளம்? அந்த ஆண்டு நியூசிலாந்தின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17 டாலர் 70 காசு. நம் பணத்தில் ஏறக்குறைய 48 ரிங்கிட். அதே 2019-இல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,100 ரிங்கிட். அதாவது அங்கே 23 மணி நேரம் மங்கு கழுவினால் இங்கே ஒருவர் ஒரு மாதம் வாங்கும் குறைந்தபட்சச் சம்பளம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. (வீட்டு வாடகையும் சாப்பாடும் அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். பணம் சேர்க்கப் போவதாக இருந்தால் தங்கைகளே, அந்த ஊர் வேண்டாம்.)

இப்போது ஸ்நோபோர்டுக்கு வருகிறேன். ஸ்கீயில் காலுக்கொன்றாக இரண்டு பலகை, கையில் இரண்டு கம்பு. ஸ்நோபோர்டில் ஒரே பலகை, கம்பு கிடையாது. இரண்டு காலையும் குறுக்காகப் பலகையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்க வேண்டும். 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பென் என்ற அப்பா ஒருவர், தன் மகள்கள் விளையாட இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்த விளையாட்டு இது. 1998-இல் நாகானோவில் ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள்.

பலகையின் இரண்டு பக்கமும் இரும்பு விளிம்பு இருக்கும். குதிகால் பக்க விளிம்பில் சாய்ந்தால் முகம் பள்ளத்தைப் பார்க்கும். இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோல் நிற்க வேண்டும். கால்விரல் பக்க விளிம்பில் சாய்ந்தால் முகம் மலையைப் பார்க்கும், முதுகுக்குப் பின்னால் பள்ளம். எப்போதும் மேட்டுப் பக்க விளிம்புதான் பனியைக் கடிக்க வேண்டும். ஒரு கணம் அசந்து பள்ளத்துப் பக்க விளிம்பு பனியில் மாட்டிவிட்டால், யாரோ காலடியில் பாயை உருவிய மாதிரி தூக்கி அடிக்கும். முதல் வாரத்தில் எனக்கு உட்கார முடியவில்லை. இரண்டாம் வாரத்தில் படுக்க முடியவில்லை.

பக்கத்திலேயே நாலு வயதுக் குழந்தைகள் சர்ரென்று போவார்கள். குயின்ஸ்டவுனிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள வானாக்காவில் வளர்ந்தவர்தான் சோயி சடோவ்ஸ்கி-சினொட். 2018-இல் 16 வயதில் ஒலிம்பிக் வெண்கலம் வாங்கியவர். நான் ஊர் திரும்பிய பிறகு, 2022 பெய்ஜிங்கில் நியூசிலாந்துக்கு முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கத்தையும் வாங்கிக் கொடுத்தார். அந்தக் குழந்தைகளுக்கு மலை வீட்டுக் கொல்லை. நமக்கு எது கொல்லை என்று யோசித்தால் ஜூலியன் யீ ஞாபகம் வருகிறார். சன்வே பிரமிட் பேரங்காடியின் பனித்தளத்தில் பயிற்சி எடுத்து, 2018-இல் மலேசியாவின் முதல் குளிர்கால ஒலிம்பிக் வீரர்கள் இருவரில் ஒருவராகப் போனவர். பேரங்காடியிலிருந்தே ஒலிம்பிக் போகலாம் என்றால் பங்சாரிலிருந்து இந்தச் சரிவை இறங்க முடியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இறங்குவதை அல்ல, விழுவதை. விழும்போது நம் கை தானாக விரிந்து தரையை ஊன்றப் போகும். அப்படி ஊன்றினால் முழு உடம்பின் பாரமும் மணிக்கட்டில். புதிதாகக் கற்பவர்களுக்கு அதிகம் உடைவதே அதுதான். ஆகவே விரல்களை மடக்கிக் கையை மூடு, முழங்கையை மடக்கு, முன்கையில் விழு. தலையாட்டினேன். ஜூலைக் கடைசியில் ஒரு நாள், புதுசுகளுக்கான சிறிய சரிவில், எதற்கும் ஆகாத வேகத்தில் விழுந்தேன். கை விரிந்துதான் இருந்தது. வலது மணிக்கட்டு எலும்பு முறிவு.

வலியைவிடப் பெரிய கவலை பணம். மாவுக்கட்டு ஆறு வாரம். ஒரு கையால் எப்படி மங்கு கழுவுவது? மருத்துவமனையில் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். ஏசிசி என்று அங்கே ஓர் அமைப்பு, 1974-லிருந்து இருக்கிறது. நியூசிலாந்து மண்ணில் யாருக்கு அடிபட்டாலும், யார் தவறு என்று கேட்காமல், சுற்றுப்பயணியாக இருந்தாலும்கூட, சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை அது ஏற்றுக்கொள்ளும். வேலை செய்து வரி கட்டுபவர் என்றால், முதல் வாரம் போக, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரும். என் சொந்த அசட்டுத்தனத்தால், விளையாடப் போய், விழுந்து உடைத்துக்கொண்ட கை. அதற்குச் சம்பளம்! என் வங்கிக் கணக்கில் அந்தப் பணம் விழுந்த அன்று நான் வெட்கப்பட்டேன், உண்மையாகவே.

வீட்டில் சொல்லவில்லை. இரவு அழைப்பில் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன். பத்தாவது நாள், "பசியாறிட்டியா?" என்று கேட்ட அப்பா, அடுத்த கேள்வியாக, "ஏன் நாலஞ்சு நாளா இடது கையிலயே போனைப் பிடிக்கிறே?" என்றார். அதற்கு மேல் முடியவில்லை. கை, மங்கு, ரிசப்ஷன் பொய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கம்மா பால்மரத்து மங்கு துடைச்சாங்க. அதை விட்டு வெளிய வர எனக்குப் பாதி ஆயுசு போச்சு. நீ பிளேன் டிக்கெட் போட்டுப் போய் மங்கு கழுவுறே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு நான் கேள்விப்படாத ஒன்றைச் சொன்னார். பாட்டி உலு சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பாட்டியின் வலது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும். பேரப்பிள்ளைகள் நாங்கள் அது பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தோம். மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியற்காலை, பால்வாளியோடு மேட்டிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்திருக்கிறார். கை ஊன்றித்தான். பெரட்டுக்கு வராத நாளுக்குப் பேர் கிடையாது, பேர் இல்லாத நாளுக்குக் கூலி கிடையாது. துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுநாளே இடது கையால் மரம் வெட்டப் போய்விட்டார். பாதி மரம்தான் முடியும் என்பதால் உதவிக்கு ஆள் வேண்டும். பத்து வயது அப்பா மூன்று மாதம் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மரம் மரமாக ஓடி மங்கு துடைத்திருக்கிறார்.

"உனக்குக் காசு குடுக்கறாங்களா? கை உடைஞ்சதுக்கு?" என்று இரண்டு முறை கேட்டார். 80 விழுக்காடு என்றேன். "நல்ல ஊரு" என்றார். அழைப்பு முடிந்தது.

நான் இப்போது குடியிருக்கும் பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். பங்க்-கிரிசார் என்ற இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்தான் தேய்ந்து பங்சார் ஆனது என்பார்கள். தெலாவி சாலைப் பக்கம் காப்பி குடிக்க உட்காரும்போது இது பலருக்கு ஞாபகம் வராது. எனக்கும் அதற்கு முன்பு வந்ததில்லை. இப்போது வேறொன்றும் கண்ணில் படுகிறது. வீட்டுக்குக் கீழே மாமாக் கடையின் பின்வாசலில், நேப்பாளத்துத் தம்பி ஒருவர் குந்தியபடி மங்கு கழுவிக்கொண்டிருப்பார். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலையில் அடிபட்டால் பெர்கேசோ பாதுகாப்பு உண்டு என்பது 2019 ஜனவரியில்தான் வந்தது. நான் விசா வாங்கிய அதே ஆண்டு.

கிள்ளான் தங்கைக்கு வருகிறேன். போகலாம். ஆனால் அம்மாவிடம் ரிசப்ஷன் என்று சொல்லாதே, என்ன வேலையோ அதைச் சொல்லிவிட்டுப் போ. முதல் ஒரு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொள், வேலை உடனே கிடைக்காது. விசா நிபந்தனைகள் மாறக்கூடியவை, நியூசிலாந்துக் குடிநுழைவுத் துறையின் பக்கத்தில் நீயே படித்துப் பார், முகவருக்குப் பணம் கொடுக்காதே. மணிக்கட்டுக் காப்பு வாங்கு. பழைய பலகை போதும், பழைய காப்பு வேண்டாம். காசநோய்க்காரர் மாதிரி போர்த்திக்கொண்டு போனாலும் வெயில் சுடும்: புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி முகத்தில் அடிக்கும். கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்து, மீதி முகம் கறுத்து நான் திரும்பி வந்தபோது, அம்மா விமான நிலையத்திலேயே கடலைமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கட்டுப் பிரித்தது செப்டம்பர் நடுவில். சீசன் முடிய மூன்று வாரம் இருந்தது. பயந்து பயந்து மறுபடியும் அதே சிறிய சரிவுக்குப் போனேன். கடைசி வாரத்தில் ஒரு மதியம், அறைத்தோழி கீழே நின்று கைப்பேசியில் படம் பிடிக்க, மேலிருந்து கீழ்வரை விழாமல் இறங்கினேன். மொத்தம் பதினோரு விநாடி. நிறுத்தும்போது மட்டும் தடுமாறி விழுந்தேன், அதுவும் படத்தில் இருக்கிறது. வெட்டாமல் அப்படியே அப்பாவுக்கு அனுப்பினேன்.

சில மணி நேரம் பின்னால் இருக்கும் கோலாலம்பூரில் அவர் அப்போதுதான் காலைப் பசியாறியிருப்பார். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது. பின்னணியில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்தேன்மா. விழும்போது கையை மூடிக்கிட்டுத்தானே விழுந்தே?"