ஒன்பதாம் வகுப்பின் வாசல்

சென்ற மாதம் ஒரு காரியமாகப் புழலுக்குப் போயிருந்தேன். 1876-ஆம் வருஷம் முதல் பட்டணத்தின் தாகத்தைத் தீர்த்துவரும் ஏரி அங்கே இருக்கிறது. கரையில் நின்றால் காற்று சுகமாகத்தான் வருகிறது. ஆனால் ஜி.என்.டி. ரோட்டுப் பக்கம் திரும்பினாலோ, லாரிகளின் கூச்சலில் நாம் பேசுவது நமக்கே கேட்பதில்லை. நமக்கு அது வெறும் தொந்தரவு. நான் பார்க்கப்போன வீட்டுப் பையனுக்கோ அது பெரிய வேதனை. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறான்.

அவனுக்கு ஆட்டிஸம். ஸர்க்கார் காகிதங்களில் இத்தகையவர்களைப் “புற உலகச் சிந்தனையற்றோர்” என்று எழுதுகிறார்கள். அவனைக் கண்டபின் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. புற உலகம் அளவுக்குமேல் உள்ளே நுழைந்துவிடுவதல்லவா அவனுடைய சங்கடம்!

எட்டாம் வகுப்போடு முடியும் ஒரு பள்ளியில் படித்தவன் அவன். கணக்கில் கெட்டிக்காரன். ஒன்பதாவதில் சேர்க்க உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு அழைத்துப்போனபோது, “பத்தாவது பப்ளிக் பரீட்சையில் எங்களுக்கு நூற்றுக்கு நூறு தேர்ச்சி வேண்டும், அம்மா, விசேஷப் பள்ளியாகப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டார்களாம். “அப்படியானால் இத்தனை வருஷம் படித்தது எதற்கு?” என்று அந்தத் தாய் என்னைக் கேட்டாள்.

சட்டம் பதில் சொல்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. ஊனமுற்றோருக்கான 1995-ஆம் வருஷத்துச் சட்டத்திலோ ஆட்டிஸம் என்ற பேச்சே இல்லை. 2016-ஆம் வருஷத்துச் சட்டந்தான் அதை 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. நாற்பது சதவிகிதத்துக்குக் குறையாத குறைபாடு என்று சான்றிதழ் பெற்ற குழந்தை பதினெட்டு வயது வரையில் அக்கம்பக்கத்துப் பள்ளியிலோ, தான் விரும்பும் விசேஷப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தையுடையது, ஹெட்மாஸ்டருடையதல்ல. பரீட்சையில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள், இரண்டாம் மொழியிலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளையும் அச்சட்டம் கூறுகிறது.

சலுகை கொடுத்தால் மட்டும் படித்துவிடுவானா என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். அமெரிக்காவில் டாக்டர் லியோ கானர் 1943-ல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிஸம் தனி விஷயமாக உலகுக்குத் தெரியவந்தது. அவர்களில் முதல்வன், மிஸ்ஸிஸிப்பி மாகாணத்தில் பாரஸ்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த டொனால்டு டிரிப்லெட். எண்ணுவதில் ஓயாத ஆசையுள்ள அவனை, சிலகாலம் வளர்த்த ஒரு குடியானவர் உழும்போது சோள வரிசைகளை எண்ணச் சொன்னார். பிறகு அவன் ஊரார் பிள்ளைகளோடு உயர்நிலைப் பள்ளியில் படித்தான். கல்லூரியில் பட்டம் பெற்றான். பாங்கியில் உத்தியோகம் பார்த்தான். 2023-ல் எண்பத்தொன்பதாம் வயதில் காலமானபோது, ஊரே அவரைத் தன்னவராகக் கொண்டாடியது.

அந்த பாங்கி டொனால்டின் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தமானது என்பதையும் மறைக்கக்கூடாது. அங்கே செல்வம் திறந்த கதவை இங்கே சட்டம் திறக்கவேண்டும். புழல் பையனுக்குப் பாங்கி வைத்திருக்கும் பாட்டனார் இல்லை.

உயர்நிலைப் பள்ளியில் கஷ்டங்கள் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. மணிக்கொரு உபாத்தியாயர், மணியோசை, விடலைப் பிள்ளைகளின் கேலி எல்லாம் உண்டு. “என் தலையைத் தின்னாதே” என்று வாத்தியார் அதட்டினால், “நான் தின்னவில்லையே, ஸார்” என்று இவன் நிஜமாகவே பதில் சொல்வான், வகுப்பு சிரிக்கும். ஆனால் பரிகாரங்களுக்கு லக்ஷக்கணக்கில் செலவில்லை. அன்றைய பாடவரிசையை எழுதி மேஜையில் ஒட்டலாம். மாறுதல் இருந்தால் முன்கூட்டிச் சொல்லலாம். மணி அடிக்குமுன் வெளியே அனுப்பலாம். இரைச்சல் பொறுக்காதபோது ஒதுங்க ஓர் அறை, துணைக்கு ஒரு தோழன், பேச்சில் நேரடியான சொல் போதும். பயிற்சி பெற்ற விசேஷ ஆசிரியர் மட்டும் கட்டாயம் வேண்டும். பொதுப் பள்ளிகளிலும் அவர்களை நியமிக்கச் சொல்லி 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது.

நூற்றுக்கு நூறு தேர்ச்சி நல்லதுதான். ஆனால் வாசலிலேயே ஒருவனைக் கழித்துவிட்டு வாங்குவது நூறாகுமா? சுயராஜ்யத்தின் கணக்கில் அவனும் ஒருவன். அவனுக்கு ஒரு பெஞ்சில் இடம் கொடுப்பது தர்மமல்ல, நேயர்களே, கடன்.