வார்டுக் கணக்கை வெளியே சொல்லுங்கள்

மழை பிடித்தால் எங்கள் தெருவுக்குக் கொசுப்புழு பார்க்கும் பெண்கள் வருவார்கள். டெங்கு மஸ்தூர் என்பது ஊர் வழங்கும் பெயர். கையில் டார்ச், ஒரு கரண்டி, புழுவைக் கொல்லும் அபேட் மருந்து.

பக்கத்து வீட்டுப் பின்கட்டில் ஒருவர் டிரம்மின் மூடியைத் தூக்கினார். உடனே மொள்ளவில்லை. நிழல் பட்டால் புழுக்கள் அடியில் போய்விடும்; அசையாமல் நின்றால் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். வந்தன. கூடவே நாலைந்து கூட்டுப்புழுக்கள். “பாருங்கக்கா, இதெல்லாம் ரெண்டு நாள்ல பறந்துடும்” என்றார்.

இப்படி நூறு வீடு பார்த்தால் எத்தனை வீட்டில் புழு என்பது ஹவுஸ் இண்டெக்ஸ். அதில் குறை உண்டு. ரெண்டு புழு கிடக்கும் சிரட்டை இருக்கிற வீடும், தொட்டி நிறைய நெளிகிற வீடும் ஒரே கணக்குதான். ஆனாலும் இதைவிட முன்கூட்டிச் சொல்லும் எண் நம் கையில் இல்லை. முட்டை கொசுவாக ஏழெட்டு நாள், கடித்த கொசுவின் உடம்பில் டெங்குக் கிருமி முற்ற ஒரு வாரத்துக்கு மேல், கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர இன்னும் நாலு முதல் பத்து நாள். ஆஸ்பத்திரிக் கணக்கு ஏறும்போது காரியம் கைமீறியிருக்கும்.

நாமோ கவுன்சிலருக்கு போன் போட்டுப் புகை மருந்து கேட்கிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு கட்டிலுக்கடியிலும் தொங்கும் துணியிலும் ஒளிந்திருக்கிறது. தெருப் புகை அதை எட்டுவது அபூர்வம். புழு பார்க்க வருகிறவரையோ, “இங்கே தண்ணி தேங்கலம்மா” என்று கேட்டிலேயே அனுப்பிவிடுகிறோம். தினக்கூலிக்கு வெயிலில் வீடுவீடாக ஏறி இறங்குகிறவர்களை அப்படி நடத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் நடைவழிகளில் கிராவிட்ராப் என்ற கறுப்புப் பொறி வைக்கிறார்கள். உள்ளே தண்ணீர், சுவரில் பசை. முட்டையிட வரும் பெண் கொசு ஒட்டிக்கொள்ளும். அதை எண்ணி, ஏடிஸ் பெருகிய பகுதிகளைப் பொதுவில் அறிவிக்கிறார்கள். அங்கே ஊதா நிற பேனரும் கட்டுகிறார்கள். காய்ச்சல் வரும்வரை காத்திருப்பதில்லை.

மேட்டூர் நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது. மழை அளவு வருகிறது. அந்தப் பக்கத்திலேயே மழைக்காலம் முழுக்க வார்டுவாரியாக ஹவுஸ் இண்டெக்ஸும் வர வேண்டும். எடுத்த கணக்கு நோட்டில் இருக்கிறது; அச்சில் ஏற்றுவதுதான் பாக்கி. எங்கள் வார்டின் எண் என்னவென்று மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இந்தப் பத்தியிலேயே போடுகிறேன்.