முகவரின் குரலும் கேட்கட்டும்



2020 மார்ச் 25 முதல் நாட்டில் உள்நாட்டு விமானச் சேவை நின்றது. பயணம் தடைப்பட்டோர் பலர், கட்டணத்தைத் திரும்பக் கேட்டுச் சீட்டு எடுத்துத் தந்த பயண முகவரையே நாடினர். முகவரிடமோ அப்பணம் இல்லை; அது முன்பே விமான நிறுவனத்தைச் சேர்ந்துவிட்டது.

முகவர் வழியாக எடுத்த சீட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது என்னும் விதி அப்போதே இருந்தது. ஆயினும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பொதுமுடக்கக் காலத்தில், அக்காலப் பயணத்திற்கென முகவர் வழியாக எடுத்த சீட்டுகளுக்கு நிறுவனங்கள் முழுத்தொகையை உடனே தர வேண்டும். முகவர் அதனை உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்று அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது.

விதி இருந்தும் பணம் எங்கே தேங்குகிறது? அதனை நாள்தோறும் காண்பவர் முகவரே. ஆகவே, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் பயணிகளின் உரிமைக்கான விதிகளை வகுக்கும்போது முகவர்களையும் அழைத்துப் பேசுதல் வேண்டும்.

முகவர் தம் ஆதாயத்தையே பேசுவார் எனச் சிலர் கூறலாம். விமான நிறுவனமும் அவ்வாறே பேசக்கூடும். அதனால்தான் பயணிகளின் சார்பாளரும் உடனிருத்தல் வேண்டும். அனைவரும் கருத்துரைக்கட்டும், முடிவை அரசு எடுக்கட்டும்.

விடுமுறைக்கு ஊர் செல்ல உங்கள் பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமும் இவ்வழியே செல்லக்கூடும். அது திரும்பிவரும் வழியை அறிந்தவரின் சொல்லையும் கேட்டு விதி எழுதுவதே முறையாகும்.